ரெண்டு ஊசியும் போட்டாச்சு, ஸ்கேனில் ஏன் 8?

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்ததிலிருந்து நீலகிரிப் பக்கம் நுரையீரலைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே ஒரு கேள்வி பின்னாலேயே வந்துவிடும். “ரெண்டு ஊசியும் போட்டாச்சு. அப்புறம் எப்படி லங்ஸ்ல முப்பது பர்சென்ட் போச்சு?” கேட்பவர் ஊட்டி மார்க்கெட்டில் கேரட் மூட்டை இறக்குபவராக இருக்கலாம், கோத்தகிரியில் கொழுந்து பறிப்பவராக இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியராகவும் இருக்கலாம். கேள்வியில் கொஞ்சம் கிண்டல் இருக்கும், நிஜமான குழப்பமும் இருக்கும். குழப்பம் நியாயமானதுதான்.

முதலில் அந்த “முப்பது பர்சென்டை” எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் சதவீதமே அல்ல. சி.டி. ஸ்கேன் அறிக்கையின் கடைசியில் 8/25 என்று ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்ததும் நாலால் பெருக்கி 32 என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடுகிறோம். ஸ்கேன் படத்தைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் போடும் கணக்கு வேறு. வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு, ஆக மொத்தம் ஐந்து. ஒவ்வொரு மடலுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மடலில் 5 சதவீதத்துக்கும் குறைவான இடத்தில் திட்டு இருந்தால் 1, 25 சதவீதம் வரை 2, பாதியைத் தொடாமல் இருந்தால் 3, முக்கால் வரை 4, அதற்கு மேல் போனால் 5. ஐந்து மடல்களின் மதிப்பெண்ணையும் கூட்டினால் வருவதுதான் அந்த எண்.

இப்போது ஒருவருக்கு மூன்று மடல்களில் 2, மற்ற இரண்டில் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 8. ஆனால் அவருடைய நுரையீரலில் நிஜமாகப் பாதித்த இடம் 5 சதவீதத்தையொட்டிக்கூட இருக்கலாம். எவ்வளவு தாராளமாகப் பார்த்தாலும் 20ஐத் தாண்டாது. ஐந்து மடல்களிலும் பொட்டுப் பொட்டாகச் சின்னத் திட்டு இருந்தாலே 5/25 வந்துவிடும். அதை “இருபது பர்சென்ட் போச்சு” என்று வீட்டில் சொன்னால் பாட்டிக்கு மயக்கம் வராமல் என்ன செய்யும்? இந்தியாவில் பெரும்பாலான மருத்துவர்கள் 7 அல்லது 8 வரையிலான எண்ணை லேசான பாதிப்பு என்றும், 15க்கு மேல் போனால் கடுமையானது என்றும் எடுத்துக்கொண்டார்கள். ஆக, 8 என்பது லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடையிலான வரப்பில் நிற்கும் எண்.

சரி, அந்தத் திட்டு எதனால் ஆனது? நுரையீரலின் நுனியில் இருக்கும் காற்று நுண்ணறைகளில் வைரஸ் புகுந்ததும் அவற்றின் சுவர் வீங்குகிறது, உள்ளே கொஞ்சம் நீரும் செல்களும் கசிகின்றன. காற்று முழுவதும் போய்விடவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஸ்கேன் படத்தில் காற்று கறுப்பாகவும் நீர் வெளுப்பாகவும் தெரியும் என்பதால், அந்த இடம் சாம்பல் நிறத்தில் மங்கித் தெரிகிறது. தொட்டபெட்டா சரிவில் மூடுபனி இறங்கும்போது மரங்கள் மங்குமே தவிர மறையாது. அதைப் போல, மங்கலுக்கு உள்ளே ரத்தக்குழாய்களின் கோடுகள் இன்னும் தெரிந்தால் அதை கிரவுண்ட் கிளாஸ் ஒபாசிட்டி என்று எழுதுவார்கள். கோடுகளே தெரியாத அளவுக்கு வெளுத்துவிட்டால் கன்சாலிடேஷன். கோவிட்டில் இந்த மங்கல் பெரும்பாலும் இரண்டு பக்க நுரையீரலிலும், ஓரங்களில், கீழ்ப்பகுதியில், முதுகை ஒட்டி வரும். அது வரும் நேரமும் முக்கியம். அறிகுறி தொடங்கி முதல் இரண்டு நாளில் ஸ்கேன் எடுத்தவர்களில் பாதிப் பேருக்குப் படம் சுத்தமாகவே இருந்தது என்று 2020இன் தொடக்க ஆய்வுகளே காட்டின. திட்டு உச்சத்துக்குப் போவது ஏறக்குறைய பத்தாம் நாள் வாக்கில். மூன்றாம் நாள் எடுத்த ஸ்கேனையும் பத்தாம் நாள் எடுத்த பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கேனையும் வைத்து ஊசியின் தரத்தை எடைபோடுவது வீண் வேலை.

இந்த நாள் கணக்கில்தான் ஊசியின் கதையும் இருக்கிறது. “ஊசி போட்டால் நோய் வரவே கூடாது” என்ற எதிர்பார்ப்பு நமக்குப் பழைய ஊசிகளிலிருந்து வந்தது. நீலகிரிக்காரர்களுக்கு அது இன்னும் நெருக்கமானது. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் வெறிநாய்க்கடி ஊசிக்காகவே பிறந்தது. அந்த ஊசியைக் கடி வாங்கிய பிறகு போட்டுக்கொண்டாலும் காப்பாற்றும். காரணம், வெறிநாய்க்கடி வைரஸ் நரம்பு வழியாக மூளையை அடைய வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகிறது. அதற்குள் உடம்பு ஆயுதம் தயாரித்துவிடுகிறது. மூச்சுவழி வைரஸ்களிடம் அந்தச் சொகுசு கிடையாது. ஃப்ளூவோ கொரோனாவோ மூக்கில் இறங்கிய சில நாட்களிலேயே தும்மலையும் காய்ச்சலையும் கொண்டுவந்துவிடும். இதுவும் குன்னூருக்குப் பழகிய விஷயம்தான்: 1957இல் ஆசிய ஃப்ளூ கப்பல் வழியாகச் சென்னையை எட்டியபோது அதைக் கண்காணித்த இன்ஃப்ளூயன்சா மையம் அதே பாஸ்டர் நிலைய வளாகத்தில்தான் இயங்கியது.

கையில் போடும் ஊசி, வைரஸைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடிகளை ரத்தத்தில் நிறைய உண்டாக்குகிறது. அவை ரத்தத்திலிருந்து காற்று நுண்ணறைகளுக்குள் ஓரளவு எளிதாகக் கசிந்துவிடும், ஏனென்றால் அங்கே ரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய சுவர். மூக்கின் சளிச்சவ்வில் அப்படியில்லை. அங்கே காவல் காப்பது வேறு வகை ஆன்டிபாடி, கையில் போடும் ஊசி அதைக் குறைவாகவே உண்டாக்குகிறது. மாதங்கள் போகப்போக ரத்தத்தில் இருக்கும் அளவும் இறங்கிவிடும். ஆகவே ஊசி போட்டவரின் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் வளர முடிகிறது. டெஸ்ட் எடுத்தால் பாசிட்டிவ். “ஊசி வேலை செய்யலை” என்று நாம் சொல்வது இந்த இடத்தில்தான்.

ஆனால் வைரஸ் தொண்டையிலிருந்து நுரையீரலின் ஆழத்துக்கு இறங்கி, அங்கே அழற்சியைக் கிளப்பி, மூச்சு வாங்க வைக்க வழக்கமாக ஒரு வாரம் ஆகிறது. முன்பே ஊசி போட்டவரின் உடம்பில் அந்த வைரஸை அடையாளம் வைத்திருக்கும் நினைவு செல்கள் இருக்கின்றன. அவை விழித்து, பெருகி, புதிய ஆன்டிபாடிகளையும் வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும் டி செல்களையும் இறக்க நாலைந்து நாள் போதும். ஊசி போடாதவருக்கு, முன்பு நோய் வந்திராதவருக்கு, அதே வேலை முதலிலிருந்து தொடங்கி வாரங்கள் இழுக்கும். மூக்கில் தோற்றாலும் நுரையீரலுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடிவதுதான் ஊசியால் கிடைக்கும் லாபம். ஸ்கேனில் மங்கல் குறைவதற்கு முதல் காரணம் இதுவே. இன்னொன்றும் உண்டு. கோவிட்டில் நுரையீரலைக் கெடுப்பது வைரஸ் மட்டுமல்ல. அதை விரட்ட நம் உடம்பே தாறுமாறாகக் கிளப்பும் அழற்சியும்தான். வைரஸின் அளவு சீக்கிரமே அடங்கினால் அந்தக் கலவரமும் பெரிதாக மூளாது.

நடைமுறையில் இது எவ்வளவு தெரிந்தது? டெல்டா வகை கொரோனா பரவிய 2021இல் தென் கொரிய மருத்துவமனைகளில் சேர்ந்த நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. அதில் சி.டி. எடுத்தவர்கள் 412 பேர். ஸ்கேனில் நிமோனியாவின் சுவடே இல்லாதவர்கள், ஊசி போடாதவர்களில் 22 சதவீதம், ஒரு தவணை அளவில் நின்றவர்களில் 30 சதவீதம், முழுதாகப் போட்டவர்களில் 59 சதவீதம். முழுதாகப் போட்டவர்கள் வயதில் மூத்தவர்கள், வேறு நோய்களும் அதிகம் உள்ளவர்கள். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோதும் அவர்களுக்கு ஆக்ஸிஜனும் ஐ.சி.யு.வும் தேவைப்படும் வாய்ப்பு குறைவாகவே வந்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அந்த 59 சதவீதம் வெறும் 22 பேரில் 13 பேர். எண்ணிக்கை சின்னது. ஆனால் இந்தியா, இத்தாலி உட்பட மற்ற நாடுகளில் மதிப்பெண்ணை ஒப்பிட்ட ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின.

அந்த “ஒரு தவணை அளவில் நின்றவர்கள்” நம் ஊர்க் கதையில் பெரிய பாத்திரம். இந்தியாவில் ஊசி தொடங்கியது 2021 ஜனவரி 16. 60 வயதைக் கடந்தவர்களுக்கு மார்ச் 1, 45 கடந்தவர்கள் எல்லோருக்கும் ஏப்ரல் 1, 18 கடந்தவர்களுக்கு மே 1. இரண்டாம் அலை உச்சியில் இருந்த மே மாத நடுவில் கோவிஷீல்டின் இரண்டு தவணைகளுக்கு நடுவிலான இடைவெளி 12 முதல் 16 வாரம் என்று நீட்டப்பட்டது. நீலகிரியில் பழங்குடி ஊர்களுக்கு ஊசியைக் கொண்டுபோனதில் மாவட்ட நிர்வாகம் தமிழ்நாட்டிலேயே முன்னணியில் இருந்தது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஊர்களுக்கு வண்டி போய்ப் போட்டது 2021 நடுவில்தான். ஆகவே இரண்டாம் அலையில் “ஊசி போட்டும் வந்துச்சே” என்று சொன்ன பலர், ஒரு தவணை போட்டவர்கள், அல்லது போட்டு இரண்டு வாரம்கூட ஆகாதவர்கள். முழுப் பாதுகாப்பு வர இரண்டாம் தவணைக்குப் பிறகு இரண்டு வாரம் வேண்டும். அதற்குள் வந்த நோயை ஊசியின் தோல்வியில் எழுதுவது நியாயமில்லை.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. ஸ்கேன் அறைக்கு யார் போனார்கள்?

காய்ச்சல் வந்த எல்லோரும் ஸ்கேனுக்குப் போகவில்லை, அதிலும் மலையில் நிச்சயமாக இல்லை. பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் காய்ச்சலில் படுத்திருப்பவர், கூடலூர் வந்து, அங்கிருந்து ஊட்டிக்கோ கோவைக்கோ மலைப்பாதையில் மணிக்கணக்கில் பயணம் செய்து ஸ்கேன் எடுப்பாரா? மூச்சு வாங்கினால்தான் எடுப்பார். கூலி நாள் போகும், வண்டி வாடகை தனி. ஆக, படம் எடுக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஏற்கெனவே நோய் முற்றியவர்கள் என்று சலித்து எடுக்கப்பட்ட கூட்டம்.

கணக்குக்காக ஒன்று சொல்கிறேன், இவை நான் கற்பனை செய்த எண்கள். தொற்று வந்தவர்களில் ஊசி போடாதவர்கள் 1,000 பேர், போட்டவர்கள் 1,000 பேர். போடாதவர்களில் 100 பேருக்கு மூச்சு வாங்கி ஸ்கேனுக்குப் போகிறார்கள். 80 பேருக்குத் திட்டு. போட்டவர்களில் 15 பேர்தான் போகிறார்கள். 12 பேருக்குத் திட்டு. ஸ்கேன் அறைக்குள் மட்டும் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் 80 சதவீதம், ஊசியால் ஒரு பயனும் இல்லை. வெளியே வந்து எண்ணினால் 80க்கு 12. ஊசியின் பெரும் பலன் எடுக்கப்படாமலே போன ஸ்கேன்களில் இருக்கிறது, அது எந்த அறிக்கையிலும் வராது. கொரிய ஆய்விலும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களை மட்டுமே பார்த்தார்கள் என்பதால், அந்த 59 சதவீதம் ஊசியின் பலனைக் குறைத்துக் காட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இதன் மறுபக்கமும் உண்டு. கிட்டத்தட்ட எல்லாப் பெரியவர்களும் ஊசி போட்டுவிட்ட ஓர் ஊரில், ஸ்கேனில் திட்டோடு வருபவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். போடாதவர்களே விரல்விட்டு எண்ணும் அளவுதானே? இதை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் எத்தனை ஃபார்வர்டு!

2022 ஜனவரியில் ஒமைக்ரான் வகை வைரஸின் அலை வந்து கணக்கை இன்னும் குழப்பியது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வகச் சோதனையில், ஒமைக்ரான் மூச்சுக்குழாய்த் திசுவில் டெல்டாவைவிட ஏறக்குறைய 70 மடங்கு வேகமாகப் பெருகியது. நுரையீரல் திசுவிலோ தொடக்ககால வைரஸைவிட 10 மடங்குக்கும் மேல் மந்தமாக இருந்தது. அதாவது வைரஸே கீழே இறங்குவதில் சோம்பேறி. ஸ்கேன்களிலும் திட்டு குறைந்தது. வந்த திட்டும் பழையபடி ஓரங்களில் இல்லாமல் மூச்சுக்குழாய்களைச் சுற்றி வருவது அதிகமானது. ஆகவே 2021 மே ஸ்கேனையும் 2022 ஜனவரி ஸ்கேனையும் பக்கத்தில் வைத்து “பாருங்க, ஊசியின் மகிமை” என்று சொல்பவர்களும் பாதிதான் சரி. பலன் ஊசிக்கும் உண்டு, மாறிய வைரஸுக்கும் உண்டு, நடுவே பலருக்கு வந்துபோன நோய் தந்த எதிர்ப்புக்கும் உண்டு. ஒரே காலத்தில், ஒரே வகை வைரஸ் வந்தவர்களுக்குள் ஒப்பிட்டால்தான் ஊசியின் பங்கு தனியாகத் தெரியும்.

மலைவாசிகளுக்கென்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். கொடைக்கானலும் 2,100 மீட்டருக்கு மேல். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். காற்றில் ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம் என்றாலும் அதை ரத்தத்துக்குள் தள்ளும் அழுத்தம் குறைவு. அதனால் ஊட்டியில் நல்ல ஆரோக்கியமானவருக்கே விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 94, 95, 96 என்று காட்டுவது சகஜம். 2021இல் 94க்குக் கீழே போனால் மருத்துவமனை என்ற எல்லை சமவெளிக்காக வகுக்கப்பட்டது. மலையில் பலர் தங்கள் இயல்பான எண்ணையே பார்த்து பயந்தார்கள்.

பயத்தைத் தாண்டி இதில் உடலியலும் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் (மில்லிமீட்டர் பாதரச அளவில்) 100இலிருந்து 70 வரை இறங்கும்வரை மீட்டரில் எண் பெரிதாகக் குறையாது. அந்த அழுத்தம் 60ஐத் தாண்டி இறங்கினால் மீட்டர் எண் சரசரவென்று சரியும். ஊட்டியில் வாழ்பவர் எந்த நோயும் இல்லாதபோதே அந்த இறக்கத்தை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்துதான் நிற்கிறார். ஆகவே 10/25 ஸ்கோர் மேட்டுப்பாளையத்துக்காரருக்கு 95ஐக் காட்டினால், அதே ஸ்கோர் ஊட்டிக்காரருக்கு 90க்கு அருகில் இறங்க வாய்ப்பு இருக்கிறது. திட்டு சின்னதாகவே நின்றுவிடுவது சமவெளியைவிட மலையில் கூடுதல் லாபம். இன்னொன்று, நோயாளியைக் கோவைக்குக் கொண்டுபோகும்போது மேட்டுப்பாளையம் இறங்கியதும் மீட்டரில் சில புள்ளிகள் ஏறும். உயரம் இறங்கியதால் ஏறியது அது. நோய் குறைந்துவிட்டது என்று வண்டியைத் திருப்பிவிடக் கூடாது.

ஃப்ளூவுக்கும் இதே பாடம் ஏறக்குறைய பொருந்தும், ஒரு வித்தியாசத்தோடு. ஃப்ளூவில் ஸ்கேனிலோ எக்ஸ்ரேயிலோ தெரியும் கெட்டியான வெள்ளைத் திட்டு பல நேரம் வைரஸ் திறந்துவிட்ட வாசல் வழியாகப் பின்னால் நுழைந்த பாக்டீரியாவால் வருவது. முதியவர்களுக்கு ஃப்ளூ ஊசியோடு, அப்படிப்பட்ட ஒரு பாக்டீரியாவான நிமோகாக்கஸுக்கான ஊசியையும் மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஃப்ளூ வைரஸ் ஆண்டுக்கு ஆண்டு உருமாறுவதால் அந்த ஊசியையும் ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது.

ஊசியே ஸ்கேனில் தெரியும் ஓர் இடமும் உண்டு. ஊசி போட்ட கைப்பக்கத்து அக்குளில் நிணநீர்க் கணுக்கள் சில வாரங்களுக்கு வீங்கியிருக்கலாம். மார்பு ஸ்கேனில் அது பளிச்சென்று தெரியும். இடது கையில் ஊசி போட்டு பத்து நாள் ஆனதைச் சொல்லாத பெண்ணுக்கு, அந்தக் கணுவைப் பார்த்து மார்பகப் புற்றுநோயோ என்ற சந்தேகம் எழுந்து மேலும் சோதனைகள் வரை போகலாம். பழைய காசநோய்த் தழும்பும் இப்படித்தான் படத்தைக் குழப்பும். வருடக்கணக்கில் விறகு அடுப்புப் புகையில் சமைத்தவர்களின் நுரையீரலும் சுத்தமான படமாக வராது. ரேடியாலஜிஸ்டுக்கு இவற்றையெல்லாம் வாயால் சொன்னால்தான் உண்டு: கடைசி ஊசி எந்தத் தேதி, எந்தக் கை, காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள், முன்பு டிபி வந்ததா, என்ன வேலை.

லேசான காய்ச்சலுக்கு ஸ்கேனே வேண்டாம் என்பது தனிக் கதை. 2021 மே மாதம் எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரன்தீப் குலேரியா ஒரு சி.டி. 300 முதல் 400 எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்று சொன்னதும் ஊரே மிரண்டது. இன்றைய கருவிகளில் கதிர்வீச்சு அதைவிட மிகக் குறைவு என்று இந்திய ரேடியாலஜி சங்கம் உடனே மறுத்தது. எண்ணில் சங்கம் சொன்னது சரி. லேசான நோய்க்கு ஸ்கேன் தேவையில்லை என்று குலேரியா சொன்னதும் சரி. மூச்சு சீராக இருந்து, மீட்டரில் உங்கள் வழக்கமான எண்ணே காட்டினால், படத்தில் 4 வந்தாலும் 6 வந்தாலும் மருந்து மாறப்போவதில்லை. ஊசி போட்டவர் என்றால் ஸ்கேனின் தேவை இன்னுமே குறைவு.

எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்து, திட்டும் தெரிந்து, குணமாகி வீட்டுக்கு வந்தவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. மங்கல் கரைய வாரங்கள் ஆகும், நோய் கடுமையாக இருந்தவர்களுக்கு மாதங்கள். காய்ச்சல் விட்ட பத்தாம் நாளே மறுபடி ஸ்கேன் எடுத்து “இன்னும் இருக்கே” என்று கலங்குவதில் பொருளில்லை. தேயிலைச் சரிவில் ஏறும்போது முன்னைவிட இரைப்பு வாங்குவது தொடர்ந்தால், மூன்று மாதம் வாக்கில் மருத்துவரிடம் போய் எக்ஸ்ரேயோடு தொடங்கினால் போதும். ஸ்கேன் வேண்டுமா என்பதை அதைப் பார்த்து அவர் சொல்வார்.